தங்கவயலைக் கைவிட்டவர் யார்?



கோலார் தங்கவயலைக் 'கைவிடப்பட்ட சுரங்கம்' என்று எழுதுகிறார்கள். கைவிட்டவர் யார் என்பதை அந்தச் சொல் மறைக்கிறது. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. 1956இல் சுரங்கம் அரசுடைமையானது. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்டது. கம்பெனி போயிற்று, நிர்வாகமும் போயிற்று. ஆனால், வட ஆர்க்காட்டுச் சேரிகளிலிருந்து சென்று பாறை உடைத்த நம் மக்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் லைன் வீடுகளில் இருக்கிறார்கள். சுரங்கத்துத் தண்ணீரும் அங்கேயே இருக்கிறது. அந்தத் தண்ணீருக்கும் ஒரு வரலாறு உண்டு.

சுரங்கம் ஓடும்வரை ஊற்றுநீரைப் பம்புகள் இறைத்துக்கொண்டே இருக்கும். பம்பு நின்றதும் குழிகள் நிரம்பும். தங்கப் பாறையோடு பல இடங்களில் இரும்புக் கந்தகமும் கலந்திருக்கும். பூமிக்குள் பொதிந்திருக்கும்வரை அதனால் தீங்கில்லை. உடைத்துப் பொடியாக்கிய பின் காற்றும் நீரும் பட்டால் அமிலம் சுரக்கிறது. இது வெறும் ரசாயன மாற்றம் என்றே நெடுங்காலம் நம்பினார்கள். 1947இல்தான் கோல்மர், ஹிங்கிள் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் நிலக்கரிச் சுரங்க நீரில் ஒரு பாக்டீரியாவைக் கண்டு சொன்னார்கள். அது இரும்பைத் தின்று பிழைக்கிறது, அமிலத்திலேயே செழிக்கிறது. அது இருக்குமிடத்தில் இந்த மாற்றம் பல லட்சம் மடங்கு விரைவாகிறது. அந்த அமிலம் பாறையிலுள்ள மற்ற உலோகங்களையும் கரைத்துத் தண்ணீரில் இறக்குகிறது.

தென்னாப்பிரிக்காவில் இது கண்முன் நடந்தது. ஜோகன்னஸ்பர்க்கின் மேற்கே, மூடிய தங்கச் சுரங்கங்கள் நிரம்பி, 2002இல் அமில நீர் நிலத்துக்கு மேல் வழிந்தது. அங்கே பொன் எடுத்த உழைப்பு பெரும்பாலும் கறுப்பின மக்களுடையது. லாபம் அவர்களுடையதல்ல.

நுண்ணுயிர்களைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. காற்றில்லாச் சேற்றில் வாழும் வேறு சில பாக்டீரியாக்கள், கரைந்த உலோகத்தைத் திரும்பவும் கந்தகத்தோடு பிணைத்துப் படியவைக்கின்றன. அமெரிக்காவின் ஹோம்ஸ்டேக் தங்கச் சுரங்கத்தில் 1984 முதல் கழிவுநீரிலிருந்த சயனைடைப் பாக்டீரியாக்களே சிதைத்தன. அந்த நீர் சேரும் ஓடையில் மீன்கள் திரும்பின. அங்கே ஓடையைக் காக்கச் சட்டம் இருந்தது, கம்பெனி அதற்குப் பணிய வேண்டியிருந்தது. பாக்டீரியா எங்கும் தன் வேலையைச் செய்யும். அது நஞ்சாவதும் மருந்தாவதும், அருகில் வாழ்பவரின் உயிருக்கு எவ்வளவு மதிப்புத் தருகிறார்கள் என்பதைப் பொறுத்தது.

தங்கவயலிலும் பொன்னைப் பிரித்தது சயனைடுதான். அரைத்த மண் மலைமலையாய்க் குவிந்து கிடக்கிறது. காற்றடித்தால் தூசி வீட்டுக்குள் வருகிறது, மழையில் கரைந்து தாழ்வான இடம் தேடி ஓடுகிறது. அந்தத் தாழ்வான இடத்தில் யாரைக் குடிவைத்தார்கள் என்று இந்த அவைக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அறிவியல் அந்தக் குழிகளுக்குப் புதிதல்ல. 1965இல் அந்த ஆழத்தில் கருவி வைத்துத்தான் வளிமண்டல நியூட்ரினோவைக் கண்டறிந்தார்கள். வானத்துத் துகளைத் தேடி இறங்கிய அறிவியல், அதே குழியின் தண்ணீரை லைன் வீட்டாருக்காகச் சோதிக்கட்டும். கிணறு, ஏரி, மேட்டடி ஓடை ஒவ்வொன்றிலும் ஆண்டுதோறும் நீர் எடுக்கட்டும். அமிலம், ஆர்சனிக், சயனைடு எவ்வளவு, எந்த நுண்ணுயிர்கள் வாழ்கின்றன என்று பார்த்து, முடிவைத் தமிழிலும் கன்னடத்திலும் லைன் முனையில் ஒட்டட்டும்.

இது இரக்கம் கேட்கும் குரலல்ல. 1930இல் கைரேகைப் பதிவை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்த ஊர் அது. அயோத்திதாசரின் எழுத்துகளைச் சித்தார்த்தா புத்தகசாலை வழியாக அச்சேற்றிக் காத்த ஊரும் அதுவே. தன் சிந்தனையைத் தானே அச்சிட்ட மக்கள், தம் தண்ணீரின் கணக்கையும் தாமே கேட்டு வாங்குவார்கள். அதைக் கொடுக்கும்வரை, கைவிட்டவர் பெயரைச் சொல்லிக்கொண்டே இருப்போம்.