‘ஹேரெம்’ என்னும் எபிரேயச் சொல்லும் பழவேற்காட்டு வலைத்தொழிலும்

எபிரேய வேதாகமத்தில் ‘ஹேரெம்’ என்னும் ஒரே வடிவில் இரு சொற்கள் வழங்குகின்றன. ஒன்று, இறைவனுக்கென ஒதுக்கப்பட்டு மனிதப் பயன்பாட்டினின்று விலக்கப்பட்டதை, பல இடங்களில் அழிவுக்கு உரியதாக்கப்பட்டதைக் குறிப்பது. தமிழ் விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பு இதனைச் ‘சாபத்தீடு’ என்றும் ‘சங்காரம்’ என்றும் பெயர்க்கிறது. மற்றொன்றின் பொருள் வலை. இது ஒன்பது இடங்களில் மட்டுமே வருகிறது: எசேக்கியேலில் நான்கு, ஆபகூக்கில் மூன்று, மீகாவிலும் பிரசங்கியிலும் ஒவ்வொன்று. முன்னதைப் பற்றி இறையியலார் மிகுதியாக எழுதியுள்ளனர். பின்னது பெரும்பாலும் அகராதிக் குறிப்போடு நின்றுவிடுகிறது. ஆயினும் இவ்வொன்பதில் பெரும்பாலானவை தீர்ப்பைப் பேசும் இடங்களே. அங்குக் கூறப்படுவது எவ்வகை வலை என்பது தெளிந்தாலன்றி அத்தீர்ப்பின் இயல்பும் தெளியாது.

இரு சொற்களும் ஒரே வேரின என்று கொள்வது எளிது, ஆனால் பொருந்தாது. அரபு மொழி இவற்றை வேறுபடுத்திக் காட்டுகிறது. விலக்கைக் குறிக்கும் வேர், தமிழ் இசுலாமியர் நாவில் ‘ஹராம்’ என அன்றாடம் ஒலிப்பது. பழமையான முசுலிம் குடியிருப்பைக் கொண்ட பழவேற்காட்டிலும் அது வீட்டுச்சொல். துளைத்தலைக் குறிக்கும் ‘கரம’ என்னும் அரபு வினையோ வேறொரு மெய்யில் தொடங்குகிறது. எபிரேயத்தில் இவ்விரு மெய்களும் ஒரே எழுத்தாக ஒன்றியமையால் விலக்கும் வலையும் ஒலியில் ஒன்றாயின. வலை என்பது துளைகளால் ஆனது என்னும் விளக்கமே அகராதியாளர் பலர் ஏற்பது.

இம்மயக்கம் பண்டைய பெயர்ப்பாளரையும் தொட்டது. மீகா 7:2இல் ஒருவன் தன் சகோதரனை வேட்டையாடுவது ‘ஹேரெம்’ கொண்டு. எரோனிமுசின் இலத்தீன் பெயர்ப்பு அங்கே சாவு எனப் பொருள்கொள்கிறது. தமிழ்ப் பெயர்ப்பு வலை எனக் கொள்கிறது. வேட்டை என்னும் சூழலுக்குத் தமிழே நெருக்கமானது. கும்ரானில் கிடைத்த ஆபகூக் உரைச்சுவடி இன்னும் வியப்பளிப்பது. ஆபகூக் 1:17இல் மரபுப்பாடம் பகைவன் தன் வலையை வெறுமையாக்குவதைக் கூற, அச்சுவடியில் வலைக்கு ஈடாக வாள் இருக்கிறது. எபிரேயத்தில் வலையை உதறுவதற்கும் வாளை உருவுவதற்கும் ஒரே வினை வருமாதலால், ஓரெழுத்து மாற்றத்திலேயே படிமம் திரிந்துவிடுகிறது.

எவ்வகை வலை என்னும் வினாவுக்குக் கிரேக்க எழுபதின்மர் பெயர்ப்பு ஒரு தடம் தருகிறது. எசேக்கியேல் 26:5இல் அது ‘ஹேரெம்’ என்பதற்கு ‘சகேனே’, அதாவது இழுவலை, என்னும் சொல்லை ஆள்கிறது. புதிய ஏற்பாட்டில் இச்சொல் ஒரேயோரிடத்தில், மத்தேயு 13:47இல், இறுதித் தீர்ப்பின் உவமையில் வருகிறது. ஆபகூக்கில் மட்டும் எழுபதின்மர் ‘ஹேரெம்’ என்பதை வீச்சுவலையாக்கி, அடுத்து வரும் ‘மிக்மெரெத்’ என்னும் சொல்லுக்கு இழுவலையைக் கொடுத்துவிட்டனர். தமிழ்ப் பெயர்ப்பில் இவை ‘வலை’, ‘பறி’ என நிற்கின்றன. பறி என்பது மீன்கூடை. கழிமுகங்களில் கையால் இறால் தடவுவோர் உடன் கொண்டுசெல்வது. பேரரசு ஒன்றின் கொள்ளையைக் குறிக்கும் இடத்தில் அது மிகச் சிறிய கருவி.

கரையோர ஊர்களில் ‘வலை’ என்னும் பொதுச்சொல் அரிதாகவே தனித்து நிற்கும். வீச்சுவலை, கண்ணால் கண்ட மீன்மீது ஒருவன் எறிவது. இலக்கு முன்பே தேர்ந்துகொள்ளப்படுகிறது. இழுவலையோ பலர் கூடி இழுப்பது, எதிர்ப்பட்டதையெல்லாம் வாரி வருவது, தெரிவு கரையில்தான். எசேக்கியேல் 32:3இல் பார்வோன்மேல் விரிக்கப்படும் வலையைப் பல மக்கள் கூட்டமாக இழுப்பது இரண்டாம் வகைக்கே பொருந்தும்.

இவ்வேறுபாட்டால் ஆபகூக்கின் முறையீடு கூர்மை பெறுகிறது. அவர் வருந்துவது மீன் பிடிபடுவதற்காக மட்டுமன்று. ஆள்பவன் இல்லாத நீராக உலகம் விடப்பட்டதற்காக. பழவேற்காட்டு ஏரியில் பட்டினவர் ஊர்கள் காத்துவந்த ‘பாடு’ முறை இதற்கு நேர்மாறானது. யார், எந்த இடத்தில், எந்த நாளில் வலை கட்டலாம் என்பதை ஊர் முறைவைத்துப் பகிர்ந்தது. பாடு இல்லாத நீரே ஆபகூக் காணும் உலகம் எனலாம்.

எசேக்கியேல் 26இல் தீரு என்னும் வணிகநகர் பெறும் தண்டனை, வலைகளை விரிக்கும் வெறும்பாறையாவது. வணிகன் கண்ணுக்கு அது வீழ்ச்சி. பழவேற்காட்டின் வரலாறும் ஏறத்தாழ இவ்வாறே அமைந்தது. 1613இல் எழுந்த கெல்திரியா கோட்டை, 1690 வரை டச்சுக் கும்பினியின் சோழமண்டலத் தலைமையிடம். 1806இல் ஆங்கிலேயர் அதனைத் தகர்த்தனர். வலை விரிப்போர் அதற்கு முன்னும் இருந்தனர், பின்னும் இருக்கின்றனர். பழைய ஏற்பாட்டைத் தமிழாக்கிய பப்ரிசியசு, 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் வசமானபோதும் 1758இல் லாலியின் படையெடுப்பின்போதும் இவ்வூரிலேயே அடைக்கலம் புகுந்தார். அவர் சொல்லாட்சியில் இக்கரையின் வழக்கைத் தேடுவது மிகையாகும். ஆனால் வணிகநகரும் வலைக்கரையும் அருகருகே இருந்த ஊரில் அவர் வாழ்ந்தார் என்பது எசேக்கியேலின் தமிழைப் படிப்போர் நினைவில் கொள்ளத்தக்கது.

தீருவின் தண்டனையாக வந்த அதே தொடர், எசேக்கியேல் 47:10இல் மீண்டும் வருகிறது. உயிரற்ற உப்புநீர் நன்னீராகி, என்கேதிக் கரையில் மீனவர் நிற்க, அவ்விடம் ‘ஹேரெம்’ விரிக்கும் இடமாகிறது. அடுத்த வசனம் சதுப்பு நிலங்களை உப்புக்கென்றே விட்டுவைக்கிறது. முதலிடத்தில் அழிவின் அடையாளமாயிருந்தது இங்கே மீட்பின் அடையாளம். பொதுவாக உரைகள் இவ்விரு இடங்களையும் தனித்தனியே விளக்கிச் செல்கின்றன. சொல் ஒன்றே என்பதைக் கொண்டு சேர்த்துப் படித்தால், வலை விரிந்த கரை தண்டனையா வாழ்வா என்பது அக்கரையில் நிற்பவர் யார் என்பதைப் பொறுத்தது என்றாகிறது.