மாகாஸ்தோட்டையும் ஒரு பொம்மைக் காரும்



நுவரெலியாவில் ஏப்ரல் என்றால் வசந்த காலம். வசந்த காலமென்றால் கார்ப்பந்தயம். மாகாஸ்தோட்டைத் தேயிலை மலைப் பாதையில் மலையேற்றப் பந்தயம் 1934இல் தொடங்கிற்று. அதன் கதையில் ஓட்டியவர்களின் பெயர்கள் உண்டு. கொழுந்துக் கூடையோடு கரையில் நின்று பார்த்தவர்களின் பெயர்கள் இல்லை.

அப்படி நின்றவர்களில் என் அப்பாவும் ஒருவர். பங்களாக் குசினியில் வேலை. 1980களின் இறுதியில், துரை வீட்டுப் பிள்ளை கழித்துவிட்ட பொம்மைக் காரொன்றை எனக்காகக் கொண்டுவந்தார். ஜப்பானின் தமியா நிறுவனம் 1984இல் வெளியிட்ட 'ஹோர்னெட்' அது. அசல் காரில் பத்தில் ஒரு பங்கு அளவு. எங்கள் லயத்தில் அன்று மின்சாரமில்லை. 7.2 வோல்ட் பற்றரிக்குச் சார்ஜ் ஏற்ற வழியேது? கார் தகரப் பெட்டிக்குள் உறங்கியது.

சென்ற விடுமுறையில் அதை வெளியே எடுத்தேன். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் தகட்டின் துருவைச் சுரண்டினேன். அறுந்த வயரைப் பற்றவைத்தேன். புதிய பற்றரி பூட்டினேன். 1898இல் நியூயோர்க்கில் நிக்கோலா டெஸ்லா சிறு படகொன்றை இயக்கிக் காட்டியதும் வானொலி அலையால்தான். என் குரலை உங்களிடம் சேர்ப்பதும் அதுவே.

கார் சீறிக்கொண்டு ஓடியது.

"நம்ம லயத்து வாசல்லயும் பந்தயம் ஓடுதே!" என்றார் அப்பா.

பந்தய வரலாறு எழுதுவோர் இனி அந்தக் கரையையும் எழுதட்டும்.