காலதரும் காற்றுக்கோபுரமும்: ஐதராபாத்துப் பசுமைக் கட்டடத்தை முன்வைத்துச் சில சொல்லாய்வுகள்

ஐதராபாத்திலுள்ள சி.ஐ.ஐ. சோராப்ஜி கோத்ரெஜ் பசுமை வணிக மையம் 2004 ஜூலை 14 அன்று குடியரசுத் தலைவர் அப்துல் கலாமால் திறந்துவைக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டிலேயே அது அமெரிக்கப் பசுமைக் கட்டட மன்றத்தின் 'லீட்' மதிப்பீட்டில் 69 புள்ளிகளுக்கு 56 பெற்றுப் பிளாட்டினத் தரத்தை எய்தியிருந்தது. அமெரிக்காவுக்கு வெளியே அத்தரத்தை எய்திய முதற் கட்டடம் இதுவேயாகும். இந்தியத் தொழிற் கூட்டமைப்பும் அன்றைய ஒருங்கிணைந்த ஆந்திரப் பிரதேச அரசும் கோத்ரெஜ் அறக்கட்டளையும் இணைந்து இதனை உருவாக்கின. வடிவமைத்தவர் வடோதராவைச் சேர்ந்த கரண் குரோவர்.

சுமார் 20,000 சதுர அடிப் பரப்புடைய இக்கட்டடம் நடுமுற்றத்தைச் சூழ்ந்து வட்டமாக அமைந்தது. கூரையின் பெரும்பகுதி தோட்டம். கழிவுநீர் செடிகளின் வேர்ப்பகுதி வழியே தூய்மையாகி மீண்டும் பயன்படுகிறது. காற்றுக்கோபுரங்களில் நுழையும் வெப்பக்காற்று நீர்த்தெளிப்பால் குளிர்ந்த பின்னரே குளிர்சாதனங்களைச் சென்றடைகிறது. அதனால் மின்செலவு குறைகிறது. வெயிலைத் தடுத்து ஒளியை மட்டும் உள்ளே விடும் வேலையை 'ஜாலி' எனப்படும் துளைச்சுவர்கள் செய்கின்றன.

அமெரிக்க அளவுகோலால் மதிப்பிடப்பட்ட இக்கூறுகளுள் பல கீழை நாடுகளுக்குப் பழையவை. காற்றுக்கோபுரத்தைப் பாரசீகர் 'பாத்கீர்' என்பர். காற்றைப் பற்றுவது என்பது பொருள். இதே பெயருடைய மற்றோர் ஊரான சிந்து மாநில ஐதராபாத்தின் வீட்டுக் கூரைகளில் காற்றுப்பொறிகள் வரிசையாக நின்ற காட்சியை 1964இல் ரூடோஃப்ஸ்கி நியூயார்க்குக் கண்காட்சியிலும் நூலிலும் உலகறியச் செய்தார். தமிழிலோ சாளரத்திற்கே 'காலதர்' என்று பெயருண்டு. கால் என்பது காற்று. அதர் என்பது வழி. சிலப்பதிகார மாளிகைகளின் காலதர்கள் மானின் கண்போன்ற துளைகளை உடையனவாகக் கூறப்படுகின்றன. ஜாலிக்கு இதனினும் நெருங்கிய தமிழ் வழக்கைக் காண்பது அரிது. எனினும் மொழிபெயர்ப்பாளர் பலர் 'வலைத்தட்டி' போன்ற புத்தாக்கங்களையே நாடுகின்றனர். 'காற்றுக்கோபுரம்' என்பதிலும் இடருண்டு. கோபுரம் என்றதும் தமிழர் மனத்தில் கோயில் வாயிலே முன்னிற்கும்.

'பசுமை' என்ற அடையின் சிக்கல் இவற்றினும் பெரிது. அச்சொல் நிறத்தையும் இளமையையும் மட்டுமன்றி வேகாத நிலையையும் குறிக்கும். திருக்குறளின் பசுமட்கலம் சுடப்படாத மண்பாண்டம். சூளைக்காரர் வழக்கில் பச்சைச் செங்கல் என்பதும் சுடாத கல்லே. ஆங்கிலத்திலும் சுடாத கல்லுக்கு இதே நிற அடை வழங்குவது வியப்பான ஒற்றுமை. இவ்வகையில் 'பச்சைக் கட்டடம்' என்றால் முற்றுப்பெறாத சுவர் என்று கொத்தனார் கொள்ள இடமுண்டு. ஐதராபாத்துக் கட்டடப் பொருள்களுள் அனல்மின் நிலையச் சாம்பல், உடைந்த கண்ணாடி, ஓட்டுச்சில்லு முதலிய கழிவுகள் பெரும்பங்கு வகித்தன. அச்சாம்பலாற் செய்யும் கல்லுக்குச் சூளை வேண்டாம். ஆகவே பழைய பொருளிலும் அது 'பசுங்கல்'தான் எனலாம்.

இதைவிடக் கவலைக்குரியது வேறொன்று. லீட் முறையில் 'பசுமை' என்பது எண்ணிக் கணக்கிடப்பட்ட தகுதி. நீர், மின்சாரம், பொருள், உள்ளகக் காற்று ஆகியவற்றுக்குத் தனித்தனிப் புள்ளிகள் உண்டு. தமிழ் விளம்பரங்களில் அச்சொல் புல்வெளியைக் காட்டி வீடு விற்கும் அளவுக்குத் தளர்ந்துவிட்டது. மதிப்பீடு பெற்ற கட்டடத்தை 'பசுமைத் தரச்சான்று பெற்ற கட்டடம்' என விரித்தெழுதுவது நீளமாயினும் பிழையற்றது.

1987இல் புருண்ட்லாந்து ஆணைய அறிக்கை பரப்பிய கருத்தாக்கத்துக்கும் தமிழில் ஒரே சொல் நிலைபெறவில்லை. தமிழகத்தில் 'வளங்குன்றா வளர்ச்சி'; இலங்கையில் 'நிலைபேறான அபிவிருத்தி'; இரண்டுக்கும் இடையே 'பேண்தகு' என்ற ஆக்கமும் வழங்குகிறது. முதற்சொல் வளத்தையும் இரண்டாவது காலத்தையும் மூன்றாவது மனிதர் பொறுப்பையும் முன்னிறுத்துகின்றன. கட்டடக்கலைக்குப் 'பேண்தகு' பொருந்துகிறது. கட்டடம் பேணப்படவேண்டிய பொருளாதலின்.

2007இல் இந்திய அரசு ஏற்ற உள்நாட்டு மதிப்பீட்டு முறையின் பெயர் 'கிருஹா'. ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் சேர்ந்து வீடு எனப் பொருள்படும் வடசொல்லாகுமாறு அமைத்தது அது. தமிழாக்கத்தில் வீட்டைக் காத்தால் எழுத்துச்சுருக்கம் போகிறது. சுருக்கத்தைக் காத்தால் வீடு போகிறது.