புயற்கூண்டின் வரலாறு



தமிழ்நாட்டுக் கடற்கரையில் பிறந்தவர்களுக்குப் புயற்கூண்டு என்னும் சொல் புதிதன்று. தூத்துக்குடியிலோ நாகப்பட்டினத்திலோ பாம்பனிலோ இன்ன எண் கூண்டு ஏற்றப்பட்டது என்ற செய்தி வந்தவுடன், மீனவர் தம் படகுகளைக் கரைமேல் இழுத்துக் கட்டுவர். அவ்வூர்ப் பக்கங்களிலிருந்து பிழைப்பு நாடிப் புறப்பட்டுத் தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் குடியேறிய நம்மவர், அச்சொல்லைக் கீழைக் கடற்கரையிலேயே விட்டு வந்துவிட்டனர் போலும். புயல் வங்கக் கடலுக்கு உரியது, மும்பைக்கு உரியது மழையே என்பது இந்நகரில் நெடுங்காலமாக நிலவிவரும் எண்ணம். அதில் மெய் எவ்வளவு, மயக்கம் எவ்வளவு என்பதை வரலாற்றைக் கொண்டு சற்று ஆராய்வோம்.

வடக்கிலிருந்து வீசும் காற்றை வாடை என்றும், தெற்கிலிருந்து வருவதைத் தென்றல் என்றும், கிழக்குக் காற்றைக் கொண்டல் என்றும், மேற்குக் காற்றைக் கோடை என்றும் நம் முன்னோர் பெயரிட்டு வழங்கினர். ஆயின் புயல் இந்நான்கில் எதற்கும் அடங்குவதில்லை. கல்கத்தாவில் வாழ்ந்த ஹென்றி பிடிங்டன் என்னும் ஆங்கிலேயர், கப்பல்களின் நாட்குறிப்புகளை ஒப்புநோக்கி, கடும்புயலில் காற்று ஒரு நடுவிடத்தைச் சுற்றிச் சுழல்வதை எடுத்துக்காட்டினார். பாம்பின் சுருளை நினைவூட்டும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'சைக்ளோன்' என்னும் பெயரை 1848-இல் அமைத்தவரும் அவரே. தமிழகக் கரையை நேராகத் தாக்கும் புயலில் முதலில் வாடை சீறுவதும், நடுவிடம் கடக்கும்போது திடீரென அமைதி நிலவுவதும், பின்னர் தெற்கிலிருந்து காற்று திரும்பி அடிப்பதும் இச்சுழற்சியின் விளைவே. அந்த இடைப்பட்ட அமைதியை முடிவென்று எண்ணி வெளியே வந்து உயிரிழந்தோர் பலர்.

கல்கத்தாவுக்குத் தெற்கே மாத்லா ஆற்றங்கரையில் புதுத் துறைமுகம் ஒன்று அமைக்க அரசு எண்ணியபோது, அவ்விடம் புயலலைக்கு இலக்காகும் என்று 1853-இல் பிடிங்டன் எச்சரித்தார். அவர் சொல் எடுபடவில்லை. அங்கே எழுந்த கானிங் துறைமுகத்தை 1867-இல் வந்த புயல் பாழாக்கியது. அதனைக் காண அவர் உயிரோடு இல்லை.

இதற்கிடையில் 1864 அக்டோபர் 5-ஆம் நாள் கல்கத்தாவைத் தாக்கிய பெரும்புயலில் பல்லாயிரம் பேர் மாண்டனர். அப்பேரழிவுக்குப் பின்னரே அரசு விழித்தது. 1865-இல் கல்கத்தாத் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கை முறை தொடங்கப்பட்டது. இந்திய வானிலைத் துறை நிறுவப்பட்டது 1875-இல்தான். துறை பிறப்பதற்குப் பத்தாண்டு முன்பே எச்சரிக்கை பிறந்துவிட்டது என்பது கருதத்தக்கது. 1886-இல் இம்முறை இந்தியத் துறைமுகங்கள் அனைத்துக்கும் விரிந்தது. 1898-இல் எங்கும் ஒரே வகை அடையாளங்கள் வழக்குக்கு வந்தன. பகலில் உருளை, கூம்பு வடிவங்களும், இரவில் செவ்விளக்கும் வெண்விளக்கும் கம்பத்தில் ஏறின. மக்கள் அவற்றைக் கூண்டு என்றனர்.

கூண்டுகள் பதினொன்று. எண் ஏற ஏறப் புயலின் கடுமையும் ஏறுகிறது என்று பலர் நினைக்கின்றனர். அது முழு உண்மையன்று. ஒன்றும் இரண்டும் தொலைவில் உள்ள ஆபத்தைக் குறிப்பன. மூன்றும் நான்கும் துறைமுகத்துக்கே உரிய முன்னறிவிப்புகள். ஐந்து, ஆறு, ஏழு ஆகிய மூன்றும் அபாயத்தைக் குறிப்பன. புயல் துறைமுகத்தைத் தன் இடப்புறத்தில் விட்டுச் செல்லுமா, வலப்புறத்தில் விட்டுச் செல்லுமா, நேராகவே கடக்குமா என்பதே அவற்றிடையே உள்ள வேறுபாடு. எட்டு, ஒன்பது, பத்து ஆகியவை பேரபாயத்தை அதே முறையில் உணர்த்தும். பதினொன்றாம் கூண்டின் பொருளைப் பின்னர்க் காண்போம்.

இனி மும்பைக்கு வருவோம். 1882 ஜூன் மாதம் ஒரு புயலால் இந்நகரில் ஓர் இலட்சம் பேர் இறந்ததாகப் பல நூல்கள் எழுதியுள்ளன. 1881-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நகரின் மக்கள்தொகை ஏழே முக்கால் இலட்சம் அளவே. எட்டுப் பேரில் ஒருவர் மாண்டிருந்தால் அக்காலச் செய்தித்தாள்கள் வாளா இருந்திருக்குமா? 1826-இலேயே தோன்றிய கொலாபா வானிலைக்கூடம்தான் அறியாதிருக்குமா? அமெரிக்க வானிலை அறிஞர் ஆடம் சோபெல் முதலியோர் தேடிப் பார்த்தும் அதற்குச் சான்று கிடைக்கவில்லை. அது கட்டுக்கதை என்பதே இன்றைய முடிவு.

கதை பொய்யாயினும் ஆபத்து பொய்யன்று. 1948 நவம்பரில் வீசிய புயல் மரங்களைச் சாய்த்து, மின்சாரத்தை அறுத்து, நகர வாழ்வை முடக்கியது. அரபிக்கடலில் வங்கக் கடலினும் புயல்கள் குறைவு. தோன்றுவனவும் பெரும்பாலும் ஓமன் நோக்கியோ குஜராத் நோக்கியோ விலகிச் செல்வன. ஆயின் கடல்நீரின் வெப்பம் உயர்ந்துவரும் அண்மை ஆண்டுகளில், அங்கும் கடும்புயல்கள் மிகுந்துவருவதை அறிஞர் காட்டுகின்றனர். 2020 ஜூன் 3-ஆம் நாள் நிசர்கா புயல் மும்பைக்குத் தெற்கே ராய்கட் மாவட்டத்தில் கரையேறியது. 2021 மே 17-ஆம் நாள் தௌக்தே புயல் நகரின் மேற்கே கடலில் கடந்து சென்றபோது, கொலாபாவில் காற்று மணிக்கு 114 கிலோமீட்டர் வேகத்தை எட்டியது. எச்சரிக்கை பல நாள் முன்னரே வந்திருந்தும், எண்ணெய் வயல் பகுதியில் நின்ற பி-305 என்னும் தங்குமிடப் படகு நங்கூரம் அறுந்து மூழ்கியது. அதிலிருந்த 261 பேரில் பலர் கரை திரும்பவில்லை. குடும்பத்தை ஊரில் விட்டுத் தொலைவில் உழைத்தவர்கள் அவர்கள்.

எச்சரிக்கை வேறு, ஆயத்தம் வேறு என்பதை ஒடிசாவின் வரலாறு தெளிவாக்கும். 1999 அக்டோபரில் அங்கு வந்த பெரும்புயலில் ஏறத்தாழ 10,000 பேர் இறந்தனர். 2013 அக்டோபரில் பைலின் புயல் வந்தபோது, பத்து இலட்சம் அளவிலான மக்கள் முன்கூட்டியே பாதுகாப்பான இடங்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். இறந்தோர் ஐம்பதுக்கும் குறைவு. கடல் அதே கடல்தான். புகலிடங்கள் எழுந்திருந்தன, வீடு வீடாகச் சென்று சொல்ல ஆட்கள் இருந்தனர்.

இன்று வானிலைத் துறை 48 மணி நேரத்துக்கு முன்னர் விழிப்பறிவிப்பும், 24 மணி நேரத்துக்கு முன்னர் எச்சரிக்கையும் விடுக்கிறது. அந்த இரண்டு நாள்களை என்ன செய்வது? மித்தி ஆற்றின் ஓரத்துத் தாராவியில் வாழ்வோர் கூரைத் தகடுகளை இறுக்கிக் கட்டுதல் வேண்டும். பறக்கும் தகடு வாளினும் கொடியது. குடும்ப அட்டை முதலிய ஆவணங்களை நீர் புகாத பையில் இடுதல், குடிநீர் சேமித்தல், உயரமான மாநகராட்சிப் பள்ளி எதுவென அறிந்து வைத்தல், 1916 என்னும் மாநகராட்சி உதவி எண்ணை நினைவில் கொள்ளுதல் ஆகியவையும் அந்நேரத்துப் பணிகளே. மராத்தியிலும் இந்தியிலும் வரும் அறிவிப்பு, அண்மையில் ஊரிலிருந்து வந்த முதியவருக்குப் புரியாது. அதனைத் தமிழில் எடுத்துச் சொல்லும் கடமை அடுத்த வீட்டாரைச் சேர்ந்தது.

பதினொன்றாம் கூண்டின் பொருள் இதுவே: வானிலை நிலையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது, ஆபத்து நேரக்கூடும் என்று உள்ளூர் அதிகாரி கருதுகிறார். 1964 டிசம்பர் 22-ஆம் நாள் நள்ளிரவில் தனுஷ்கோடியில் தொடர்புகளெல்லாம் அறுந்தன. பாம்பனிலிருந்து சென்ற ரயில் நூற்றுக்கு மேற்பட்ட பயணிகளோடு அலையில் மறைந்த செய்தி வெளியுலகை எட்டவே நேரமாயிற்று. அத்தகைய இரவில் கம்பத்தை நோக்கியோ வானொலியை நோக்கியோ பயனில்லை. அதற்கு முந்திய பகலில் நாம் செய்து முடித்த வேலை ஒன்றே அப்போது துணை நிற்கும்.