துரோகி: ஒரு சோழர் சாசனம் காட்டும் பொருள்

தீமை செய்தாரைக் குறிக்கத் தமிழில் வழங்குஞ் சொற்கள் பல. அவையெல்லாம் ஒருபொருள் குறித்தன அல்ல. பகைவன் எதிரே நின்று பொருபவன். துரோகியோ உடனிருந்து நம்பிக்கையைக் கெடுப்பவன். தீங்கு செய்தலைக் குறிக்கும் வடமொழி வேரினின்று தோன்றிய இச்சொல், சோழர் காலத்தில் எவ்வாறு ஆளப்பட்டது என்பதை ஒரு சாசனங் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

காட்டுமன்னார்கோயிலைச் சார்ந்த உடையார்குடியில் அனந்தீசுவரர் கோயில் உளது. பண்டு வீரநாராயணச் சதுர்வேதிமங்கலம் எனப் பெயர் பெற்றிருந்த ஊர் இது. அக்கோயிற் சாசனம் ஒன்று, 985ஆம் ஆண்டில் அரசெய்திய முதலாம் இராசராசனுடைய இரண்டாம் ஆட்சியாண்டிற்குரியது. அவன் தமையனும் சுந்தர சோழனின் மூத்த மைந்தனுமாகிய ஆதித்த கரிகாலன், 969ஆம் ஆண்டளவிற் கொல்லப்பட்டான். அக்கொலை புரிந்தாராகச் சோமன், இரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரை இச்சாசனம் பெயர் சுட்டிக் கூறுகின்றது.

இவருள் இரவிதாசன் பஞ்சவன் பிரமாதிராசன் எனவும், பரமேசுவரன் இருமுடிச்சோழ பிரமாதிராசன் எனவும் பட்டம் பெற்றவர்கள். பிரமாதிராசன் என்பது அந்தண அதிகாரிகட்கு அரசர் அளித்த சிறப்புப் பெயர். எனவே, இவர்கள் வேற்று நாட்டுப் படைஞர் அல்லர். அரசின் சிறப்பைப் பெற்று அதனுள்ளே வாழ்ந்தவர்கள். துரோகி என்னும் பெயர் இவர்க்குப் பொருந்தியமைக்குக் காரணம் இதுவே.

சாசனத்தின் சொல்லமைதியும் நோக்கத்தக்கது. கரிகாலனைக் ‘கொன்று துரோகிகளான’ என்றே அது இவரைக் குறிக்கின்றது. கொன்று என்னும் வினையெச்சம் முன் நிற்கின்றது. துரோகி என்னும் பெயர் பின் வருகின்றது. செயல் முதலிற் கூறப்பட்டு, அச்செயலாற் பெயர் எய்துகின்றது. கொலையைத் தூண்டியவர் யார் என்பதைச் சாசனம் கூறவில்லை. பேராசிரியர் நீலகண்ட சாத்திரியார் உத்தம சோழன்மீது ஐயுற்றார். சதாசிவ பண்டாரத்தார் அதனை மறுத்தார். வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை.

ஆயினும், இச்சாசனத்தை நீதிக்கு முழு முன்மாதிரியாகக் கொள்ளல் இயலாது. அரசாணைப்படி விற்கப்பட்டவை குற்றவாளிகளின் உடைமைகள் மட்டுமல்ல. அவர்தம் மக்கள், பேரப்பன்மார், மாமன்மார், உடன்பிறந்த பெண்களை மணந்தோர், மகளிரை மணந்தோர் ஆகியோர் உடைமைகளும் அவ்வாணைக்குள் அடங்கின. 921ஆம் ஆண்டின் உத்தரமேரூர்ச் சாசனத்திலும், கணக்குக் காட்டாத வாரியத்தாரோடு அவர்தம் உறவினரும் தேர்தலுக்குத் தகுதியற்றவராக விலக்கப்பட்டனர். அங்கே இழந்தது பதவி பெறும் உரிமை; உடையார்குடியில் இழந்தது வாழ்வுக்கு ஆதாரமான நிலமும் மனையும். கொலையிற் பங்குகொள்ளாத மருகனொருவனும் உறவென்னும் ஒரே காரணத்தால் அத்தண்டத்துக்கு ஆளாயிருத்தல் கூடும்.

ஆகவே, இச்சாசனம் நமக்கு இரண்டு பாடங்களைத் தருகின்றது. செய்கையைச் சொல்லாது பெயரைச் சூட்டலாகாது என்பது ஒன்று. சூட்டிய பெயர் சுற்றத்தார்மேற் படரலாகாது என்பது மற்றொன்று. முன்னதனைச் சாசனத்தின் சொல் கற்பிக்கின்றது. பின்னதனை அதன் தண்டம் கற்பிக்கின்றது. நம் நாட்டிலும், அண்மைக் காலத்தே, விசாரணை எதுவுமின்றி இச்சொல் ஒருவர்மேல் வைக்கப்பட்டமையால் உயிர்கள் அழிந்ததையும், எஞ்சிய குடும்பங்கள் தலைகுனிந்து வாழ்ந்ததையும் யாம் அறிவோம். வரலாறு கற்கும் மாணவர், துரோகி என்னும் சொல்லைக் கேட்குந்தோறும், ‘செய்தது யாது? சான்று யாது?’ என வினவப் பழகுவாராக.