முட்டதான் இல்ல: லயத்துக் காலைச் சாப்பாட்டின் கதை

போன மாசம் தங்கச்சி ஃபோன்ல ஒரு வீடியோ பாத்துக்கிட்டிருந்தா. காலையில நேரமில்லாதவங்க முதல்நாள் ராத்திரியே முட்டையை எப்படியெல்லாம் செஞ்சு வச்சுக்கலாம்னு ஒரு பொண்ணு சொல்லிக்கிட்டிருந்தது. பக்கத்துல உக்காந்திருந்த அப்பாயி கொஞ்ச நேரம் பாத்தாங்க. "இதுல என்னம்மா புதுசு? முதநாளே செஞ்சு வைக்காம நாங்க எந்தக் காலத்துல பெரட்டுக்குப் போனோம்? முட்டதான் இல்ல"ன்னு சொல்லிட்டு எழும்பிப் போயிட்டாங்க.

அந்தக் கடைசி வரிதான் என்னை இந்தக் கட்டுரைக்கு இழுத்து வந்தது. மலையக வரலாறு என்றதும் நாம 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் போட்ட தேயிலை, 1948 பிரஜாவுரிமைச் சட்டம், சம்பளப் போராட்டம் என்றுதான் சொல்லிப் பழகியிருக்கோம். அதெல்லாம் நம்ம குசினிக்குள்ள எப்படி வந்தது, தட்டுல எதை வச்சது, எதை எடுத்தது என்று யாரும் கேட்பதில்லை. காலைச் சாப்பாட்டை மட்டும் பிடித்துக்கொண்டு கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம்.

பெரட்டுக்கு முன்னால்

தோட்டத்தில் காலை தப்புச் சத்தத்தோடு தொடங்கும். விடியுமுன் தப்படித்து லயத்தை எழுப்புவார்கள். பிறகு பிரட்டுக்களம். 'பரேட்' என்ற சொல்தான் நம்ம ஆட்கள் வாயில் பிரட்டு, பெரட்டு ஆனது. அங்கே ஆளை எண்ணி, இந்த மலைக்கு இத்தனை பேர் என்று பிரித்து அனுப்புவார்கள். நேரத்துக்குப் போய்ச் சேராவிட்டால் அன்றைக்குப் பேர் இல்லை. பேர் இல்லையென்றால் சம்பளமும் இல்லை.

இதை மனசில் வைத்துக்கொண்டு 10 அடிக்கு 12 அடி லயத்துக் காம்பராவைப் பாருங்கள். பீலியில் போய்த் தண்ணீர் எடுக்க வேண்டும். ஈர விறகை ஊதி ஊதிப் பற்ற வைக்க வேண்டும். கைப்பிள்ளையைப் பிள்ளைமடுவத்தில் விட வேண்டும். பெரிய பிள்ளையை ஸ்கூலுக்கு அனுப்ப வேண்டும். இத்தனையையும் செய்துவிட்டு, அதே பெண்தான் கூடையையும் படங்குச் சாக்கையும் எடுத்துக்கொண்டு கொழுந்து மலைக்கு ஓட வேண்டும். நாலு மணிக்கு எழும்பினாலும் அடுப்புக்குக் கிடைப்பது கொஞ்ச நேரம்தான்.

அதனால லயத்துக் காலைச் சாப்பாடு மூன்று குணங்களோடு இருந்தாக வேண்டும். முன்கூட்டியே செய்து வைக்க முடியணும். ஆறினாலும் தின்ன முடியணும். மதியம் வரை வயிறு தாங்கணும். அந்தக் காலத்தில் இதற்குப் பொருந்திய சாப்பாடு பழைய சோறு. ராத்திரி வடித்ததில் மிஞ்சியதில் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் உப்பும் பச்சை மிளகாயும் போதும். தமிழ்நாட்டுக் கிராமத்திலிருந்து கங்காணியோடு நடந்து வந்தவர்கள் கூடவே கொண்டுவந்த பழக்கம் அது.

அரிசியிலிருந்து மாவுக்கு

அந்த அரிசி நம்ம வயலில் விளைந்ததில்லை. தோட்டமே அரிசியைக் கடனாகக் கொடுக்கும், சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும். பெரும்பாலும் பர்மாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கப்பலில் வந்த அரிசி. 1942இல் பர்மா ஜப்பான் கையில் விழுந்ததும் பர்மா அரிசி நின்றது. இலங்கையில் பங்கீட்டு முறை வந்தது. அரிசி குறைந்த இடத்தை இறக்குமதிக் கோதுமை மாவு நிரப்பத் தொடங்கியது.

மாவு வந்ததும் ரொட்டி வந்தது. பெரட்டு மணிக்கு ரொட்டியைப் போலப் பொருந்தும் சாப்பாடு வேறு இல்லை. பிசைந்து தட்டிக் கல்லில் போட்டால் முடிந்தது. ரெண்டை வீட்டில் தின்னலாம், ரெண்டைத் துணியில் சுற்றிப் பத்து மணித் தேத்தண்ணிக்குக் கொண்டுபோகலாம். கட்டசம்பல் இருந்தால் விசேஷம். இல்லாட்டி வெறும் சாயத்தண்ணியில் தோய்த்துக்கொள்ளலாம்.

அப்புறம் 1973, 74. உலகச் சந்தையில் எண்ணெய் விலையும் தானிய விலையும் ஏறிய காலம். அரசாங்கம் கூப்பன் அரிசியைக் குறைத்தது. ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொரு மாவட்டத்துக்கு அரிசி கொண்டுபோவதற்கும் கட்டுப்பாடு. கிராமத்தில் கொஞ்சம் வயலோ தோட்டமோ இருந்தவர்கள் எப்படியோ சமாளித்தார்கள். லயத்தில் இருந்தவர்களுக்கு மண்ணே சொந்தமில்லை. 1974இல் தோட்டங்களில் இறப்பு வீதம் கூர்மையாக ஏறியது. பல குடும்பங்கள் மலையை விட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போனதும் இந்தக் காலத்தில்தான். அப்பாயி அதை 'பஞ்ச வருசம்' என்றுதான் சொல்வாங்க. "மாவு கெடச்சா அன்னைக்குத் திருவிழா" என்பாங்க.

1980இல் திருகோணமலையில் பிறிமா மாவு ஆலை இயங்கத் தொடங்கியது. அதன் பிறகு மாவுக்கு வரிசையில் நிற்கும் நிலை மாறியது. ரொட்டி மட்டும் மாறவில்லை, இன்றைக்கும் பல காம்பராக்களில் காலைச் சாப்பாடு அதுதான். நாம் விரும்பித் தேர்ந்தெடுத்த சாப்பாடு என்று நினைத்துக்கொண்டிருக்கோம். உலக யுத்தமும் பெரட்டு மணியும் சேர்ந்து தேர்ந்தெடுத்துக் கொடுத்ததை நாம ருசியாக்கிக்கொண்டோம் என்பதுதான் சரி.

கோழி இருந்தது, முட்டை எங்கே போனது?

லயத்தில் கோழியே இல்லை என்று சொல்ல முடியாது. இஸ்தோப்புப் பக்கத்தில் கூடை கவிழ்த்து நாலு கோழி வளர்த்த வீடுகள் எப்போதும் உண்டு. ஆனால் அந்தக் கோழிக்கு வேறு வேலைகள் இருந்தன. தேயிலை ஃபெக்டரியின் ரோதைக்குக் காவலாக நின்ற ரோதைமுனிக்குச் சேவல். கவ்வாத்து தொடங்கும்போது கவ்வாத்துசாமிக்குச் சேவல். நேர்த்திக்கடனுக்கு ஒன்று, விருந்தாளி வந்தால் ஒன்று. முட்டையைத் தின்றுவிட்டால் குஞ்சு ஏது? அதனால எங்க வீட்டில் முட்டையை அடைக்கு வைத்தார்கள், கைச்செலவுக்கு விற்றார்கள். மிஞ்சியதைக் காய்ச்சல்காரருக்கும் பிள்ளை பெத்தவளுக்கும் கொடுத்தார்கள்.

கோழி மேய இடமும் வேண்டும். பத்தடி வாசலும் அதுக்குப் பின்னால் தேயிலையும் இருக்கிற இடத்தில் பத்துக் கோழி வளர்க்க முடியாது. மரக்கறிப் பாத்தி போடுவதற்கே தோட்டத்தின் தயவு வேண்டியிருந்தது. 1948இல் பிரஜாவுரிமை போனது. 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தச் சட்டங்கள் வந்தபோது தோட்டங்கள் அரசாங்கத்தின் கைக்குப் போயின. லயத்துக்காரருக்கு ஒரு துண்டுக் காணியும் வரவில்லை. இன்றைக்குத் தனிவீட்டுத் திட்டங்களில் 7 பேர்ச்சா 10 பேர்ச்சா என்று பேசுகிறோமே, அந்தப் பேச்சுக்குள் கோழிக்கூடும் முட்டையும் இருக்கின்றன.

சரி, கடையில் வாங்கலாமே? 2021இல் நாட்சம்பளம் 1000 ரூபா ஆனது. அடுத்த வருசமே பொருளாதார நெருக்கடி. 2022 ஓகஸ்டில் அரசாங்கம் முட்டைக்குக் கட்டுப்பாட்டு விலை போட்டது: வெள்ளை முட்டை 43 ரூபா, சிவப்பு முட்டை 45 ரூபா. அந்த விலைக்குக் கடையில் கிடைத்ததா என்பது வேறு கதை. 2023இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்ய வேண்டி வந்தது. கட்டுப்பாட்டு விலையிலேயே கணக்குப் போடுங்கள். ஐந்து பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு ஒரு முட்டை என்றால் 215 ரூபா. ஒரு நாள் கூலியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல்.

எங்க அம்மாவிடம் இதற்கு ஒரு வழி இருந்தது. ரெண்டு முட்டையை அவித்து, தையல் நூலால் பாதி பாதியாக வெட்டுவாங்க. கத்தியால் வெட்டினால் மஞ்சள் கரு ஒட்டி வீணாகும், நூலில் வெட்டினால் சுத்தமாகப் பிரியும். அப்பாவுக்குப் பாதி, பிள்ளைகள் மூணு பேருக்கும் பாதி பாதி. ஐந்தாவது ஆள் அம்மா. "எனக்கு முட்டை வாடை பிடிக்காது" என்று சொல்வாங்க. அதை நான் பதினைந்து வருசம் நம்பினேன்.

உயரத்தில் எழுதப்பட்ட கணக்கு

2016 குடித்தொகை சுகாதார ஆய்வின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் 17.3 வீதம். தோட்டப் பகுதியில் மட்டும் பார்த்தால் 31.7 வீதம். மூன்றில் ஒரு பிள்ளை. நாம பரம்பரையாவே குட்டை என்று சிரித்துக்கொண்டு கடந்துபோகிறோம். அதில் பெரும் பகுதி பரம்பரை இல்லை. தாய் கர்ப்பமாக இருந்தபோது என்ன சாப்பிட்டாள், பிள்ளையின் முதல் ரெண்டு வருசத்தில் தட்டில் என்ன இருந்தது, தண்ணீர் சுத்தமா, கக்கூஸ் இருந்ததா என்பதெல்லாம் சேர்ந்த கணக்கு அது.

முட்டை இங்கே எவ்வளவு உதவும்? நம்ம மலையைப் போலவே குளிரும் மேடுமான எக்குவடோர் நாட்டு மலைப்பகுதியில் ஓர் ஆய்வு நடந்தது, 2017இல் வெளியானது. 6 முதல் 9 மாதப் பிள்ளைகளுக்கு ஆறு மாதம் தினமும் ஒரு முட்டை கொடுத்தார்கள். வளர்ச்சி குன்றுதல் 47 வீதம் குறைந்தது. பிறகு ஆபிரிக்காவில் மலாவி நாட்டில் இதையே செய்து பார்த்தபோது அப்படிப் பலன் தெரியவில்லை. அந்த ஊர்ப் பிள்ளைகள் ஏற்கனவே ஏரி மீன் தின்று வளர்கிறவர்கள். ஆக, முட்டை மந்திரம் இல்லை. நல்ல புரதம் இல்லாத தட்டில் அது பெரிய விஷயம். ரொட்டியும் சாயத்தண்ணியும் மட்டும் உள்ள தட்டு எந்த வகை என்று நமக்கே தெரியும். ஒரு முட்டையில் கிட்டத்தட்ட 6 கிராம் புரதம் இருக்கு. கோதுமை மாவுப் புரதத்தில் குறைவாக இருக்கிற லைசின் முட்டையில் நல்லா இருக்கு. ரெண்டும் சேர்ந்தால் ஒன்றையொன்று நிரப்பும்.

இப்ப நாங்க செய்றது

வீடியோவில் அந்தப் பொண்ணு மஃபின் அச்சில் முட்டையை ஊற்றி அவனில் வைத்தது. எங்க வீட்டில் அவன் இல்லை, இட்லித் தட்டு இருக்கு. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் லீக்ஸ், கெரட், கொஞ்சம் கீரை எல்லாவற்றையும் பொடியாக நறுக்கி, அடித்த முட்டையோடு உப்பும் மிளகும் சேர்த்து, எண்ணெய் தடவிய குழிகளில் முக்கால் அளவு ஊற்றி அவிக்கிறோம். பத்துப் பன்னிரண்டு நிமிசத்தில் நடுவில் குத்திப் பார்த்தால் ஒட்டாது. ஆறியதும் மூடி ஃபிரிட்ஜில் வைத்து மூன்று நாளைக்குள் முடித்துவிடுவோம். காலையில் சூடாக்கி ரொட்டிக்குள் வைத்துச் சுருட்டினால் மலைக்கும் போகும், ஸ்கூலுக்கும் போகும்.

ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் செய்த முட்டையை ராத்திரி வெளியே வைக்க வேண்டாம், குளிர் ஊர் என்று நம்ப வேண்டாம். அங்கே முதல்நாள் வேலையைப் பிரித்துக்கொள்ளலாம். மரக்கறியை ராத்திரியே நறுக்கி மூடி வைக்கலாம். மாவையும் பிசைந்து வைக்கலாம், ஆனால் தேங்காய்ப்பூவைக் காலையில்தான் சேர்க்கணும், இல்லாட்டி புளிக்கும். காலையில் ரொட்டி ஒரு பக்கம் வெந்ததும் அதன் மேலேயே முட்டையை உடைத்து ஊற்றிப் பரப்பித் திருப்பினால் ஒரே கல்லில் ரெண்டு வேலை முடியும். உருளைக்கிழங்கு அவிக்கும் பானையிலேயே கழுவிய முட்டையையும் போட்டால் தனி விறகு வேண்டாம்.

இன்னொன்று, நம்மாட்களுக்குச் சொல்லக் கஷ்டமானது. சாப்பாட்டோடு சேர்த்துத் தேத்தண்ணி குடித்தால் சாப்பாட்டில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடிங்க. சம்பலில் தேசிக்காய் பிழிந்தால் இரும்புச்சத்து சேர உதவும்.

இதெல்லாம் செய்வதால் காணியும் வராது, சம்பளமும் ஏறாது. தமிழ்நாட்டில் 1989இல் சத்துணவில் முட்டை சேர்த்தபோது அதை அரசாங்கம் வாங்கிக் கொடுத்தது, அம்மாக்கள் நூலால் வெட்டிப் பங்கு போடவில்லை. பிள்ளைமடுவத்திலும் தோட்டப் பாடசாலையிலும் தினமும் ஒரு முட்டை வேண்டும் என்று நாம கேட்கத்தான் வேண்டும். சங்கங்கள் சம்பளப் பேச்சுக்கு உட்காரும்போது அந்தச் சம்பளத்தில் எத்தனை முட்டை வாங்கலாம் என்றும் கேட்கலாம்.

அதுவரைக்கும் வீட்டுக்குள்ளே மாற்றக்கூடிய ஒன்று இருக்கு. போன வாரம் ஆறு பேருக்கு ஆறு முட்டை அவித்தோம். அம்மா பழைய பழக்கத்தில் நூலைத் தேடினாங்க. தங்கச்சி நூல்கண்டை எடுத்து ஒளித்துவிட்டாள். அப்பாயி தன் முட்டையை மெதுவாகத் தம்பி தட்டுக்குத் தள்ளப் பார்த்தாங்க. அவன் திருப்பி வைத்தான். மறுபடியும் தள்ளினாங்க, மறுபடியும் வைத்தான். கடைசியில் தின்றுவிட்டு, "உப்பு பத்தல"ன்னு சொன்னாங்க.