மூட்டைத் திறந்து பார்த்தல்: உயர்கட்டடச் சரிவுகளும் பொது ஐயமும்

1968 மே 16 விடிகாலையில், கிழக்கு லண்டனின் ரோனன் பாயிண்ட் குடியிருப்பில் 18-ஆம் மாடியில் வசித்தவர் அடுப்பைப் பற்றவைக்கத் தீக்குச்சி கிழித்தார். கசிந்திருந்த எரிவாயு வெடித்து, 22 மாடிக் கட்டடத்தின் ஒரு மூலை உச்சி முதல் அடிவரை சரிந்தது. நால்வர் இறந்தனர். விசாரணைக் குழு எரிவாயுவோடு நிற்கவில்லை. ஒரு சுவர்ப்பலகை விலகினால் அடுக்கடுக்காக எல்லாம் விழும்படியான வடிவமைப்பையும் சுட்டிக்காட்டியது. கட்டட விதிகள் திருந்தின. கட்டடம் வலுப்படுத்தப்பட்டு மீண்டும் மக்கள் குடியேறினார்கள். கட்டடக்கலைஞர் சாம் வெப் மட்டும் விடவில்லை. பலகைகளை இணைக்கும் மூட்டுகளே சரியில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். 1986-இல் கட்டடத்தை மாடி மாடியாகப் பிரித்தபோது, கலவை இறுகியிருக்க வேண்டிய மூட்டுகளில் வெற்றிடமும் திணித்த செய்தித்தாளும் கிடந்தன.

அதிகாரபூர்வ விளக்கத்தை ஐயுறுவோரைச் சதிக்கதைக்காரர் என்று ஒதுக்குவோரும் உண்டு. விழிப்புற்ற குடிமக்கள் என்று போற்றுவோரும் உண்டு. இரு தரப்பாரும் ஐயுறுபவரின் இயல்பையே ஆராய்கிறார்கள். ஐயம் எழுந்தால் திறந்து பார்ப்பதற்கு மூட்டு மிஞ்சியிருக்கிறதா என்பதே முதற்கேள்வியாக வேண்டும் என இக்கட்டுரை வாதிடுகிறது. அதற்கு உரைகல், நியூயார்க் உலக வணிக மையத்தின் ஏழாம் கட்டடம்.

ஏழாம் கட்டடம்: விளக்கமும் வினாவும்

2001 செப்டம்பர் 11 அன்று இந்த 47 மாடிக் கட்டடத்தில் விமானம் எதுவும் மோதவில்லை. வடக்குக் கோபுரம் காலை 10.28-க்கு விழுந்தபோது அதன் இடிபாடுகள் இங்கே தீ மூட்டின. தண்ணீர்க் குழாய்கள் உடைந்திருந்ததால் தீ அணைக்கப்படாமல் ஏறத்தாழ ஏழு மணி நேரம் எரிந்தது. மாலை 5.20-க்குக் கட்டடம் முழுதும் சரிந்தது. அமெரிக்கத் தேசியத் தரநிலை மற்றும் தொழில்நுட்ப நிறுவனமான நிஸ்ட், 2008 நவம்பரில் இறுதி அறிக்கையை வெளியிட்டது. அதன்படி, சூட்டில் நீண்ட தள உத்தரங்கள் 13-ஆம் தளத்தின் முதன்மை உத்தரம் ஒன்றை அதன் தாங்குதட்டிலிருந்து தள்ளிவிட்டன. பக்கத் துணையை இழந்த 79-ஆம் எண் தூண் வளைந்தது. உட்பகுதி முதலில் விழ, வெளிச்சட்டகம் பின்தொடர்ந்தது.

இந்த விளக்கத்தை வெளியிலிருந்து வந்த வினா ஒன்று திருத்தவும் செய்தது. 2008 ஆகஸ்டு வரைவு, வெளிமுகத்தின் மேற்பகுதி 18 மாடி உயரம் இறங்க 5.4 நொடி ஆனதாகவும், அது தடையற்ற வீழ்ச்சிக்குரிய நேரத்தைவிட 40 விழுக்காடு அதிகம் என்றும் கூறியது. டேவிட் சாண்ட்லர் என்ற பள்ளி இயற்பியல் ஆசிரியர் காணொளியை நொடி நொடியாக அளந்து மறுத்தார். இறுதி அறிக்கை, 2.25 நொடிகள் கட்டடம் ஈர்ப்பு முடுக்கத்திலேயே விழுந்ததை ஏற்றது. எட்டு மாடி அளவுக்கு வெளித்தூண்கள் மடங்கிவிட்டதால் தடை ஏதும் மிஞ்சவில்லை என்பது அதன் விளக்கம்.

இன்னொன்றையும் அருகில் சென்று பார்க்கலாம். ஏறத்தாழ 16 மீட்டர் நீள எஃகு உத்தரம் 100 டிகிரி செல்சியஸ் சூடேறினால் சுமார் 2 செ.மீ. நீளும். முதன்மை உத்தரம் நழுவுவதற்குத் தேவையான பெயர்ச்சி 5.5 அங்குலம் என்றிருந்த அறிக்கை, 2012-இல் 6.25 என்று திருத்தப்பட்டது. முக்கால் அங்குலம்தானே என்று தோன்றும். ஆனால் அந்த முக்கால் அங்குலம் ஏறத்தாழ 100 டிகிரி வெப்பத்துக்குச் சமம். நிஸ்ட் தன் முடிவை மாற்றவில்லை. இதைக் கேள்வி கேட்பது பொறியியலின் அன்றாட வேலை. அதில் சதி நாட்டம் ஏதுமில்லை.

ஐயம் சறுக்கும் இடம்

விளக்கத்தில் விரிசல் இருக்கிறது என்பதிலிருந்து வெடிவைத்துத் தகர்த்தார்கள் என்பதற்குத் தாவும்போது ஐயம் சறுக்குகிறது. தூணை அறுக்கும் வெடியின் ஓசை அரை மைல் தொலைவிலும் 130 டெசிபலைத் தாண்டியிருக்கும் என்று நிஸ்ட் கணித்தது. அன்றைய பதிவுகளில் அப்படியோர் ஓசை இல்லை. கட்டடம் சரிவதற்கு முன்பே அது சரிந்துவிட்டதாகப் பிபிசி செய்தி சொன்னதைச் சான்றாகக் காட்டுவோர் உண்டு. ஆனால் தீயணைப்பு வீரர்கள் சுவர் புடைப்பதைக் கண்டு, பிற்பகலிலேயே சுற்றுப்பகுதியைக் காலி செய்திருந்தார்கள். கட்டடம் விழும் என்ற பேச்சு அப்போதே பரவியிருந்தது. எஃகுச் சட்டக உயர்கட்டடம் தீயால் மட்டும் முழுதாக விழாது என்ற வாதமும், 2017 சனவரியில் டெஹ்ரானின் 17 மாடி பிளாஸ்கோ கட்டடம் தீயில் சரிந்த பிறகு வலுவிழந்தது. ஐயுறுவோர் அமைப்பின் நிதியில் நடந்து 2020-இல் முடிந்த அலாஸ்கா பல்கலைக்கழக ஆய்வு, தீ காரணமல்ல என்றும் தூண்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் செயலிழந்தன என்றும் கூறியது. அவற்றைச் செயலிழக்கச் செய்தது எது என்பதை அது நிறுவவில்லை. ஒரு விளக்கத்தின் குறை இன்னொன்றின் சான்றாகிவிடாது.

சான்று போன வழி

இவ்வளவு வாதத்துக்குப் பிறகும் சர்ச்சை அடங்காததற்குக் காரணம், விழுந்த எஃகு போன வழி. நிஸ்ட் ஆராய்ந்த 236 எஃகுத் துண்டுகளில் ஏழாம் கட்டடத்தினது என்று அடையாளம் காணப்பட்டது ஒன்றுமில்லை. இரும்பு காயலான் கடைச் சரக்காக விற்கப்பட்டதை, தீயணைப்புத் துறையினரின் ‘ஃபயர் இன்ஜினியரிங்’ இதழே 2002 சனவரியில் கண்டித்தது. உலக வணிக மையத்தின் பழைய இரும்பு அந்த ஆண்டின் தொடக்கத்தில் சென்னைத் துறைமுகத்திலும் இறங்கியது. அதில் நச்சு இருக்குமோ என்று இங்கே கேட்டார்கள். அது ஒரு விசாரணையின் தடயம் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. எஃகு போனபின் எஞ்சியது, சரிவை விளக்க நிஸ்ட் உருவாக்கிய கணினி மாதிரி. அதன் உள்ளீட்டுத் தரவுகளில் ஒரு பகுதியைக் கேட்டபோது, வெளியிட்டால் பொதுப் பாதுகாப்புக்கு ஊறு நேரலாம் என்று 2009-இல் மறுக்கப்பட்டது.

நிஸ்டின் விளக்கம் பெரும்பாலும் சரியானது என்பதே என் கருத்து. ஆனால் சரியான விளக்கமும், பிறர் சரிபார்க்க வழியில்லாதபோது நம்பிக்கையின் பொருளாகச் சுருங்கிவிடுகிறது. சாம் வெப் பதினெட்டு ஆண்டுகள் காத்திருந்தார். அவருடைய ஐயத்தைத் தீர்க்க மூட்டு அங்கேயே இருந்தது. ஏழாம் கட்டடத்தை ஐயுறுவோருக்குக் காட்ட, உலையில் உருகிப்போன அந்தத் தாங்குதட்டு யாரிடமும் இல்லை.